தப்பிப்பதற்கு மட்டும்

என் ஆட்டோவின் பின் இருக்கையை ஈரக் கடதாசியால் ஒருமுறை துடைத்து, அதை விரித்துப் பார்த்து, பிறகு இன்னொன்றை உருவி மறுபடியும் துடைத்துவிட்டுத்தான் சேந்தன் உட்கார்ந்தார். கொழும்பிலிருந்து அவரைக் கொண்டுவந்த வேன், போன மழையில் பாதை சரிந்த வளைவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அங்கிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஆட்டோ மட்டும்தான் ஒடுங்கிப் போகும். அப்புத்தளை ஸ்டேஷனடியில் நிற்கிற என் ஆட்டோவில் கோவா, கரட் மூட்டை ஏறும், காய்ச்சல்காரர் ஏறுவார்கள், ஒருமுறை ஆட்டுக்குட்டியும் ஏறியிருக்கிறது. அவர் துடைத்ததில் பிழை சொல்ல முடியாது. முதல் கடதாசியை நான் பொறுத்துக்கொண்டேன். இரண்டாவதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துடைத்த இரண்டையும் சுருட்டி, போடுவதற்கு ஓர் இடம் தேடி, கடைசியில் பக்கத்துத் தேயிலைக்குள் எறிந்தார். நாளைக்கு அந்த மலையில் கொழுந்தெடுக்கிற யாரோ ஒருத்தியின் காலில் அது ஒட்டும்.

என் அக்காவின் கணவர் ஜெயகுமார் அத்தான் வேலை செய்த கப்பலுக்கு ஆள் அனுப்புகிற கம்பனியில் சேந்தன் மேலாளர். அத்தான் அந்தக் கப்பலின் எஞ்சின் ரூமில் எண்ணெய் துடைக்கிற வேலையில் இருந்தார். புகையில் மூச்சடைத்துச் செத்துப்போனார். நேற்றுத்தான் கருமாதி முடிந்திருந்தது. பிரேதம் வந்த பெட்டியைத் திறக்கக் கூடாது என்று ஒட்டி அனுப்பியிருந்தார்கள். ஆஸ்பத்திரித் தரை கழுவுகிற மருந்து வாடை ஒன்று அதன் மூலைகளிலிருந்து வந்துகொண்டே இருந்தது. தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அத்தானின் அம்மா ரெங்கம்மா அத்தை, இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய்ப் பலகைக்கு முத்தம் கொடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது, ஆனால் அடிப்பதற்கு அங்கே ஒருவரும் வந்திருக்கவில்லை. இப்போது வந்திருக்கிறார்கள்.

சேந்தனோடு ஹஸீப்பும் வந்திருந்தான். பண்டாரவளைக்காரன், அத்தானோடு அதே கப்பலில், அதே எஞ்சின் ரூமில் இருந்தவன். கப்பலுக்குப் போகுமுன் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கொழும்பில் பயிற்சிக்குப் போனார்கள். பெருநாளைக்கு வட்டிலப்பம் தூக்கிக்கொண்டு எங்கள் லயத்து வீட்டுக்கு வருவான். சாவுக்கு வரவில்லை, கப்பல் விடவில்லை என்றான். இப்போது மடியில் ஒரு பெரிய கறுப்புப் பையை வைத்துக் கட்டிப்பிடித்தபடி சேந்தனுக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டு இருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். துக்க வீட்டுக்கு வருகிறவன் சிரிக்கிற சிரிப்பு அல்ல அது, மேலதிகாரியின் பக்கத்தில் இருப்பவனுடைய சிரிப்பு.

பாதி வழியில் சேந்தனின் தொலைபேசி அடித்தது. சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டு, பாறை மேலே ஏறி நின்று ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். பனி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில்தான் எங்கள் தோட்டத்துப் பையன்கள் கட்டிய அஞ்சலிப் பதாகை தொங்கியது. நடுவில் அத்தானின் முகம். மூலையில் சின்னதாக, தீயணைப்பு உடுப்பும் முகமூடியும் மாட்டி, முதுகில் காற்றுச் சிலிண்டரோடு அவர் கட்டை விரலை உயர்த்திக்கொண்டு நிற்கிற படம். அக்காவுக்கு அந்தப் படம் என்றால் உயிர். அவளுடைய கைத்தொலைபேசியைத் தொட்டால் முதலில் வருவது அதுதான். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகையில் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் அவள் பார்த்துக்கொள்கிற குழந்தைகள்கூட அதைப் பார்த்து “விண்வெளி மாமா” என்பார்கள்.

“அது நான் எடுத்த போட்டோ மச்சான்” என்றான் ஹஸீப்.

“நல்லாத்தான் எடுத்திருக்க.”

“அதுல காத்து இல்ல, தெரியுமா?” அவன் பாறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். ஏதோ வேடிக்கைக் கதை சொல்கிற மாதிரிதான் சொன்னான். “சிலிண்டரத் தொறக்கவே மாட்டோம். தொறந்தா காத்துக் கொறையும், கொறஞ்சா கரைக்கு அனுப்பி அடைக்கணும். செக் பண்ண வாறவன் முள்ளு ஃபுல்லுல நிக்குதான்னுதான் பாப்பான். அதனால எங்களுக்கு ட்ரில்லுன்னா போட்டோதான். மாஸ்க்க மாட்டுவோம், மூச்ச அடக்கிக்கிட்டு நிப்போம், ரெண்டு போட்டோ, கழட்டு, அடுத்தவன் மாட்டு. எல்லாருக்கும் அந்த ஒரே மாஸ்க்குதான். முன்னால போட்டவன் எச்சி, வேர்வ, வெத்தல வாட எல்லாம் அதுக்குள்ள கெடக்கும். ஜெயா ஒரு நாளு அதக் கழட்டின கையோட வாந்தி எடுத்தான்.”

“அப்ப ஒரு நாளும் அதுல மூச்சு விட்டதில்லையா?”

“எங்க விட்டோம்? போட்டோ முடிஞ்சதும் சீஃப் ஆபீசர் வாங்கி லொக்கருக்குள்ள வச்சுப் பூட்டி...”

சேந்தன் பாறையிலிருந்து இறங்குவதைக் கண்டதும் அவன் வாயை மூடிக்கொண்டான். நான் பதாகையைப் பார்த்தேன். கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு அத்தான் அங்கே மூச்சடக்கி நிற்கிறார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. எத்தனை பேருக்கு அந்தப் படத்தைப் பெருமையாகக் காட்டியிருக்கிறேன் என்று நினைக்க உடம்பெல்லாம் கூசியது. ஆட்டோவைக் கிளப்பினேன். வேண்டுமென்றே பள்ளம் பார்த்து விட்டேன். பின்னால் சேந்தன் “மெல்ல, தம்பி, மெல்ல” என்றார்.

வீட்டில் அக்கா, நேற்றைய சடங்குக்கு வந்த பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். விஜயலெட்சுமி என்பது அவள் பெயர். தோட்டத்தில் எல்லோருக்கும் விஜி. அழுது ஓய்ந்துவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். எங்கள் முன்னால் அவள் அழவே இல்லை. அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று. பெட்டி வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது, ஜெயகுமார் தேவையில்லாமல் புகைக்குள் ஓடிப்போய்ச் செத்தான் என்று. யார் கொண்டுவந்தார்கள் என்று தெரியாது. தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் அதுதான் பேச்சு. கப்பலுக்குப் போயும் புத்தி வரவில்லை, சின்னதிலிருந்தே அவசரக்குடுக்கை, பெண்டாட்டியை, பெற்ற தாயை நினைத்திருந்தால் ஓடியிருப்பானா என்று, சாவு வீட்டுக் கோப்பியைக் குடித்த வாய்களே பேசின. அக்கா அத்தனையையும் குடத்தோடு சுமந்துகொண்டு வருவாள். இழவுக்கு வந்தவர்களை வழியனுப்பிவிட்டு ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டாள், “அவரு முட்டாத்தனமாத்தான் செத்தாராடா?” என்று. எனக்குத் தெரியவில்லை என்றேன். அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும். வேறெதுவும் அவளுக்கு அந்த நேரம் பெரிதாக இருக்கவில்லை.

வந்தவர்களைக் கும்பிட்டு, கதிரையைத் துடைத்துப் போட்டாள். “வாங்க சார், உள்ள வந்து உக்காருங்க.” சேந்தன் உட்காருமுன் கையில் கிருமி நீக்கும் மருந்து ஊற்றித் தேய்த்துக்கொண்டார். பிறகு வேனிலிருந்து எடுத்து வந்திருந்த பரிசுக் கூடை ஒன்றை மேசையில் வைத்தார். கண்ணாடிக் கடதாசி சுற்றி, ஊதா நிற நாடா கட்டியிருந்தது. கல்யாணத்துக்குக் கொடுக்கிற கூடை. உள்ளே பிஸ்கட், பால்மா, ஜாம், நடுநாயகமாக ஒரு தேயிலைப் பெட்டி. அதன் மேல் பனி மூடிய மலையும், கூடையோடு சிரிக்கிற ஒரு பெண்ணும். தேயிலைக்குள் குடியிருக்கிறவர்களுக்குத் தேயிலை. இதை யார் தெரிவு செய்திருப்பார்கள், கடையில் நின்று விலை பார்த்து, பரவாயில்லை இது போதும் என்று யார் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். ரெங்கம்மா அத்தை அதை இரண்டு கையாலும் வாங்கி, சாமி படத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார். அது எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

“தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. முந்தியே வந்திருக்க வேணும்” என்று சேந்தன் தொடங்கினார். நல்ல குரல். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர்மார் நோயாளியின் காலடியில் நின்று பேசுகிற குரல். “நானும் கப்பல்லை இருந்தவன்தான். கடலிலை ஒரு பொடியனைப் பறிகுடுக்கிறது எங்களுக்கும் லேசில்லை. எண்டாலும் என்ன நடந்தது எண்டு குடும்பத்துக்கு விளக்கமாச் சொல்லுறது எங்கட கடமை.”

சொன்னார். எஞ்சின் ரூமுக்குக் கீழே சாமான் அறையில் எண்ணெய்த் துணிகள் கும்பலாகக் கிடந்து சூடேறிப் புகைந்திருக்கின்றன. நெருப்பு என்று பெரிதாக இல்லை, புகைதான். மணி அடித்து எல்லோரும் மேலே வந்த நேரத்தில் ஜெயகுமார் மட்டும் திரும்பக் கீழே போயிருக்கிறார். அதுவும், போடக் கூடாத ஒன்றைப் போட்டுக்கொண்டு. இந்த இடத்தில் அவர் கண்ணைக் காட்ட, ஹஸீப் மடியிலிருந்த கறுப்புப் பையைத் திறந்து, உள்ளேயிருந்து ஆரஞ்சு நிறத்தில் இன்னொரு பையை எடுத்து மேசையில் வைத்தான். பள்ளிக்கூடப் பை அளவுதான். அதற்குள்ளே ஒரு சின்னச் சிலிண்டரும், தலையை முழுதாக மூடுகிற ஆரஞ்சு முக்காடும் இருந்தன. முக்காட்டில் முகத்துக்கு நேரே மெல்லிய பிளாஸ்டிக் கண்ணாடி.

“இது கப்பல்லை படியடியள்ளை எல்லாம் தொங்கும். புகை வந்தால் இதைத் தலையிலை போட்டுக்கொண்டு வெளியாலை ஓடி வாறதுக்கு. கொஞ்ச நேரத்துக்குத்தான் காத்து. உள்ளுக்குப் போறதுக்கில்லை, தங்கச்சி. இஞ்சை பாருங்கோ, பையிலையே எழுதியிருக்கு.” விரலால் தொட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்ததை அவரே தமிழில் சொன்னார். “தப்பிப்பதற்கு மட்டும்.”

அக்கா அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலை நிமிராமல், “யாரையோ தேடித்தான் உள்ள போனாருன்னும் ஊர்ல சொல்றாங்க. யார சார்?” என்று கேட்டாள்.

சேந்தன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஹஸீப் சொல்லிவிட்டான். “என்னயத்தான் அக்கா.”

அவன் தரையைப் பார்த்துப் பேசினான். “நான் சாமான் ரூம்லதான் இருந்தேன். பொக வந்ததும் பின்பக்கத்து ஏணியால மேல வந்துட்டேன். அது ஜெயாவுக்குத் தெரியாது. யாரும் ஆளு எண்ணிப் பாக்கல. நான் கீழ மாட்டிக்கிட்டேன்னு நெனச்சுட்டான்.”

“ஹஸீப், அதை நான் சொல்லுறன்” என்றார் சேந்தன், கோபப்படாமல்.

ரெங்கம்மா அத்தை எழுந்து வந்தார். நான் அவர் அவனை அறைவார் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அறைய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அத்தை அவன் தலையில் கையை வைத்து, “நீயாவது வந்து சேந்தியேப்பா” என்றார். பிறகு தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து அவன் கையில் திணித்தார். திணித்த வேகத்தில் தேத்தண்ணி அவன் சட்டையில் சிந்தியது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள் உபசாரம் செய்கிறாள், யாருக்காகப் போனானோ அவன் சட்டையைத் துடைத்துக்கொள்கிறான், கொழும்புக்காரர் அடுத்ததைப் பேச நல்ல நேரம் பார்த்துக் காத்திருக்கிறார். என்ன பிறவிகள் நாங்களெல்லாம் என்று இருந்தது.

அவர் காத்திருந்தது ஒரு வீடியோவுக்கு. சின்னதாக ஒன்று, கம்பனிக்காக. இந்தக் காலத்தில் கடதாசியில் கையெழுத்து வாங்கினால் பிறகு தெரியாமல் போட்டோம் என்கிறார்களாம், அதனால் எல்லாம் வீடியோதானாம். அக்கா என்ன சொல்ல வேண்டும் என்பதையும் மெதுவாகச் சொல்லிக் கொடுத்தார். தன் கணவர் ஒருவரும் சொல்லாமல், பிழையான கருவியோடு, தானாகவே உள்ளே போனார். அவருக்குச் சரியான பயிற்சி கொடுக்கப்பட்டிருந்தது. நடந்ததை வீட்டுக்கு வந்து விளக்கமாகச் சொன்னார்கள். தனக்கு முறைப்பாடு ஒன்றும் இல்லை. அவ்வளவுதான். “நீங்கள் இதைச் சொன்னால் நட்டஈடு, மற்ற அலுவல் எல்லாம் கெதியா நடக்கும், தங்கச்சி. இல்லாட்டி விசாரணை அது இது எண்டு இழுபடும். பயிற்சிக்கு எங்களிட்டை அவரின்ட போட்டோவே இருக்கு.” தன் தொலைபேசியைத் திருப்பிக் காட்டினார். அதே படம்தான். கட்டை விரல்.

அக்கா தன்னுடைய தொலைபேசியையும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்ப்பதைக் காண எனக்குப் பொறுக்கவில்லை.

“இதுல முதுகுல மாட்டியிருக்காரே, இதப் போட்டுக்கிட்டுப் போயிருந்தா என்ன சார் ஆகியிருக்கும்?”

“இண்டைக்கு உயிரோடை இருந்திருப்பார். அதைத்தான் நானும் சொல்லுறன். சரியான கருவி கப்பல்லை இருந்தது. அவர் அதை எடுக்கேல்லை.”

“எங்க இருந்துச்சு?”

“அதுக்குரிய லொக்கருக்குள்ளை.”

“அந்த லொக்கரு தொறந்து கெடந்துச்சா, பூட்டியிருந்துச்சா?”

சேந்தன் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். “அதெல்லாம் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒவ்வொரு நடைமுறை.”

“பூட்டியிருந்தா சாவி யாருகிட்ட இருந்துச்சு?”

“தங்கச்சி, இப்ப அது முக்கியமில்லை.”

என்னால் அடக்க முடியவில்லை. “பூட்டித்தான் சார் வச்சிருந்தாங்க. காத்துக் கொறஞ்சிரும்னு அதத் தொறக்கவே விடுறதில்ல. ட்ரில்லுங்கறதே போட்டோவுக்குத்தானாம். இந்தப் போட்டோவுலயும் காத்து இல்ல. இவன்தான் சொன்னான், இப்ப வாற வழியில.”

எல்லோரும் ஹஸீப்பைப் பார்த்தார்கள். சேந்தனும் பார்த்தார். மிரட்டவில்லை, முறைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “ஹஸீப் வாற மாதம் புதுக் கப்பலுக்குப் போறார்” என்று மட்டும் சொன்னார், குறிப்பாக யாரிடமும் சொல்லாததுபோல.

ஹஸீப் சட்டையில் தேத்தண்ணி சிந்திய இடத்தைத் தேய்த்தான். “நான் அப்படிச் சொல்லலையே மச்சான்” என்றான். “நீ வேற எதையோ வெளங்கிக்கிட்ட.”

நாக்கூசாமல் சொன்னான். இந்த வீட்டுக் கோப்பை இன்னும் அவன் கையிலேயே இருந்தது. நான் அவன் சட்டையைப் பிடித்து எழுப்பியிருப்பேன், அக்கா கையை நீட்டித் தடுத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. பிள்ளைக் காம்பராவில் அடம் பிடிக்கிற குழந்தையைத் தூக்குமுன் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகுவாளே, அப்படி ஒரு செருகு செருகிக்கொண்டு, “சரி சார். நீங்க வீடியோவ எடுங்க. பேசுறேன்” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அதுக்கு முன்னால இத நான் ஒரு தடவ போட்டுப் பாக்கவா? அவரு கடைசியாப் போட்டது இதுதானே.”

சேந்தன் தயங்கினார். இதைத் திறந்ததே இல்லை, கம்பனியில் காட்டுவதற்கு மட்டும்தான் வைத்திருக்கிறோம் என்றார். பிறகு அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன். பொருளைக் கொண்டுவந்து, விதவையின் தலையிலேயே மாட்டி விளக்கினோம் என்று ஒரு வீடியோ இருந்தால் அதற்கு மேல் யார் என்ன கேட்க முடியும்? அவருக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. சுறுசுறுப்பாகிவிட்டார். தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து நிறுத்தினார். வெளிச்சம் போதாதென்று கதவை அகலத் திறக்கச் சொன்னார். அக்காவின் கதிரையைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி, சுவரில் மாலை போட்டிருந்த அத்தானின் படம் அவள் தோளுக்கு மேலே விழுகிற மாதிரி சரிபார்த்தார். ஒரு மாலை சரிந்திருந்தது. அதையும் நேராக்கினார்.

ஹஸீப்பை அக்காவுக்கு முன்னால் சாட்சியாக உட்கார வைத்துவிட்டு, அவரே முக்காட்டை விரித்து, அவளுடைய கொண்டை சிக்காமல் பக்குவமாகத் தலையில் இறக்கினார். கழுத்தடி ரப்பரைச் சரி செய்தார். படம் எடுக்கிற பொத்தானை அழுத்தி, பார்க்கப் போகிறவர்களுக்காக ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே சிலிண்டரைத் திறக்கிற ஊசியை இழுத்தார்.

உஸ்ஸென்று காற்று பாய்ந்தது. ரயில் நின்றபின் விடுகிற காற்றைப்போல, ஆனால் நிற்கவே இல்லை. முக்காடு உப்பியது. அக்காவின் முகம் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் ஆரஞ்சு நிறமாகத் தெரிந்தது. கண்களை அகல விழித்திருந்தாள். சத்தம் கேட்டுப் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். பீலியடியில் பேசுகிறவர்கள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள்.

“இப்ப சொல்லுங்கோ தங்கச்சி” என்றார் சேந்தன்.

அக்கா பேசத் தொடங்கினாள். உதடு அசைவது தெரிந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. காற்று இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கியது.

“கேக்கேல்லை. கொஞ்சம் பலமா.”

அவள் நிறுத்தாமல் பேசினாள். சேந்தன் குனிந்து சிலிண்டரின் அடியில் திருகு எங்கே என்று தேடினார். “இத நிப்பாட்ட ஏலாது சார்” என்றான் ஹஸீப். “ஒரு தடவ தொறந்தா முடியிற வரைக்கும் போய்க்கிட்டேதான் இருக்கும்.” அப்போதுதான் அது சேந்தனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கழற்றுங்கோ, பிறகு இன்னொருக்கா எடுப்பம் என்று முக்காட்டில் கை வைத்தார். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். ஒரு கையால் கழுத்தடி ரப்பரை இறுகப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையை நீட்டி, சீனிப் போத்தலில் சாய்ந்திருந்த தொலைபேசியை எடுத்து, நேரே ஹஸீப்பின் முகத்துக்கு எதிரே பிடித்தாள். பிடித்துக்கொண்டு பேசினாள்.

“அது கம்பனி ஃபோன், தங்கச்சி” என்றார் சேந்தன். அதைப் பிடுங்க ஓர் அடி வைத்தார். அவருக்கும் அக்காவுக்கும் நடுவில் நான் போய் நின்றேன். வாசலில் நின்றவர்களில் இரண்டு மூன்று பேர் உள்ளே வந்தார்கள். அவர் கையை இழுத்துக்கொண்டு, பழக்கத்தில் மருந்துப் போத்தலைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்துக்குத்தான் காற்று என்று அவர் சொன்ன அந்தக் கொஞ்ச நேரம், ஒருவன் ஏணியிறங்கி, புகைக்குள் கூட்டாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொரு மூலையாகத் தடவித் தேடிக்கொண்டிருக்கிற நேரம். அது எவ்வளவு நீளம், எவ்வளவு சின்னது என்று அன்றைக்கு அந்த அறையிலிருந்த எல்லோரும் நின்று பார்த்தோம். ரெங்கம்மா அத்தை தன் மூச்சை அடக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். ஹஸீப் எழுந்து போயிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. அவன் அசையவில்லை. அக்காவின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் என்ன சொல்கிறாள் என்று எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவனுக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன், முகம் அப்படி வெளுத்துப்போயிருந்தது.

இரைச்சல் மெலிந்தது. உப்பியிருந்த முக்காடு தொய்ந்து அவள் தலையில் ஒட்டத் தொடங்கியது. பிளாஸ்டிக்கில் ஆவி படிந்து கண்கள் மறைந்தன, மூக்கு மறைந்தது. “அக்கா, போதும், கழட்டு” என்று நான் ரப்பரைப் பிடித்து இழுத்தேன். அவள் விடவில்லை. கடைசியாக ஒரு சீறல், பிறகு அதுவும் நின்றது. நின்றதும் அவள் குரல் உள்ளேயிருந்து கேட்டது, கரகரத்து, மூச்சு வாங்க, இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருந்த அதே ஒன்றை இன்னும் சொல்லிக்கொண்டு.

“சாவி யாருகிட்ட இருந்துச்சு ஹஸீப்? சாவி யாருகிட்ட இருந்துச்சு?”

தொலைபேசி அவன் முகத்தை விட்டு விலகவில்லை. திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. திரைக்குள்ளே ஹஸீப் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, சேந்தன் நிற்கிற பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு திரும்பி, ஆவி மூடிய அந்தப் பிளாஸ்டிக்கைப் பார்த்து வாயைத் திறந்தான்.